லிஸ்ட்டில் இல்லாத இன்ஜின்

"இது கார் இன்ஜினே இல்லையாம், மேடம். தண்ணி இறைக்கிற இன்ஜினாம்" என்றார் அருள்பிரகாஷ்.

பூதலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவருடைய நெல் குடோனில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே பாசிப்பச்சை நிறத்தில் ஒரு டார்ன்லி ஸ்போர்ட்ஸ் கார், 1959 மாடல். இரண்டே ஸீட், மேலே கூரை கிடையாது. இந்த வெயிலுக்கு இப்படி ஒரு காரை வாங்கியவர் ஒன்று பெரிய ரசிகராக இருக்க வேண்டும், இல்லை தொப்பி வியாபாரியாக இருக்க வேண்டும். வாங்கியவர் அருள்பிரகாஷின் அப்பா, டாக்டர். இறந்து நாலு வருஷம் ஆகிறது.

என் பேர் ஜோஸ்வா. எழில்மொழி மேடத்தின் அசிஸ்டென்ட். மேடம் பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, மனுஷன் எந்த இடத்தில் பொய் சொல்வான் என்று கற்றுக்கொண்டு, தஞ்சாவூரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். நான் அதற்கு முன்னால் மருந்துக் கம்பெனி ரெப். அந்த வேலை போனது என் வாயால். இந்த வேலை கிடைத்ததும் அதே வாயால்தான்.

கேஸைக் கொண்டுவந்தது அருள்பிரகாஷ் இல்லை. ஃபிளோரா. காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றாள். நீடாமங்கலத்து மெக்கானிக் சவரிராஜின் மகள், பள்ளிக்கூட டீச்சர். "எங்கப்பாவைத் திருடன்னு சொல்றாங்க மேடம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாங்க. எங்கப்பா வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்றாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

அருள்பிரகாஷ் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். காரைப் பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டதும் குடோனைத் திறந்துவிட்டார்.

"சென்னையிலேர்ந்து வாங்க வந்தவர் கூடவே ஒரு எக்ஸ்பர்ட்டைக் கூட்டிட்டு வந்தார். அந்த மனுஷன் பத்து நிமிஷம் டார்ச் அடிச்சுப் பார்த்தார். டார்ன்லி கம்பெனி இன்ஜின் நம்பரை பித்தளைத் தகட்டுல அச்சடிச்சு ஆணி வெச்சு அடிச்சிருப்பாங்களாம். இதுல தகடே இல்ல. நம்பரை எவனோ இரும்பு மேலேயே கையால குத்தியிருக்கான். பக்கவாட்டுல பாருங்க, கார் இன்ஜின்ல இருக்கக் கூடாத நாலு ஓட்டை. பம்பு மாட்டுற ஓட்டை. உள்ளே தண்ணி ஓடுற பாதை பூரா வண்டல். எங்கேயோ கிடந்த இறவை இன்ஜினை மாட்டிட்டு, ஒரிஜினலைக் கழட்டி வித்துட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"சவரிராஜ்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"2003 கடைசியில வண்டி ஒரு மாசம் அந்த ஆளு ஷெட்ல இருந்தது. அப்பா டைரியில இருக்கு. நான் அப்போ பெங்களூர்ல ஹாஸ்டல்ல இருந்தேன். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற எவனும் இந்த பானெட்டைத் திறந்ததில்ல." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "சின்ன வயசுல அந்த ஆளை மாமான்னு கூப்பிட்டவன் நான். அதான் வயிறு எரியுது."

மேடம் ஒரு ஸ்பானரோடு காருக்கு அடியில் படுத்தார். இன்ஜினில் தண்ணீர் வடிக்கிற திருகைக் கழற்றினார். காய்ந்த வண்டல் பொலபொலவென்று அவர் உள்ளங்கையில் கொட்டியது. எழுந்து வந்து ஊதினார். உளுந்து அளவுக்கு ஒரு நத்தை ஓடு மிஞ்சியது.

"வயல் நத்தை. கார் ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணிதான் ஊத்துவாங்க. இது வாய்க்கால் தண்ணியில ஓடின இன்ஜின்."

"அப்ப எக்ஸ்பர்ட் சொன்னது சரின்னு சொல்லுங்க" என்றார் அருள்பிரகாஷ்.

"பாதி சரி. தண்ணி இறைச்ச இன்ஜின்தான். தண்ணி இறைச்சா கார் இன்ஜின் இல்லைன்னு ஆயிடுமா?"

"மாப்பிள்ளை மாமனார் வீட்ல ஆறு மாசம் மாடு மேய்ச்சாலும் மாப்பிள்ளைதானே சார்" என்றேன் நான். அருள்பிரகாஷ் சிரிக்கவில்லை. சிலருக்கு மாமனார் வீட்டு அனுபவம் சரியாக இருந்திருக்காது.

மேடம் கையால் குத்திய நம்பரைத் தடவிப் பார்த்தார். "ஆர்.சி. புக்குல இருக்கிற அதே 4418. தஞ்சாவூர்ல பித்தளைத் தகடு அடிச்சுக் கொடுக்கத் தெருவுக்கு நாலு கடை இருக்கு, ஜோஸ்வா. அரை மணி நேர வேலை. ஏமாத்தணும்னு நினைக்கிறவன் என்ன செய்வான்?"

"அச்சு அசலா ஒரு தகடு அடிச்சு ஒட்டிட்டு, டீ குடிக்கப் போயிடுவான்."

"இவர் அதைச் செய்யல. பார்த்தாலே தெரியற மாதிரி கோணல்மாணலா குத்தி வெச்சிருக்கார். மறைக்கிற எண்ணமே இல்ல." பேசிக்கொண்டே நகத்தால் பக்கத்திலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். பழைய தகடு இருந்த இடத்தின் நாலு மூலையிலும் ஆணி இருந்த அடையாளம். மூன்று மூலையில் வெறும் ஓட்டை. நாலாவதில் ஆணி அப்படியே இருந்தது, அதற்கு அடியில் பிய்ந்து போன முக்கோணப் பித்தளைத் துணுக்கும். தகட்டை யாரோ அவசரமாக நெம்பியதில் ஒரு மூலை இங்கேயே தங்கிவிட்டது. என் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அதன் மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து, துணுக்கின் ஓரத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார்.

போகும்போது குடோன் மூலையில் தனியாக நின்ற ஒரு மூட்டையைப் பார்த்து நின்றார். வாயைப் பச்சை நைலான் கயிற்றால் தைத்து, மேலே மூன்று சிவப்புப் பொட்டு வைத்திருந்தது.

"அது விக்கிற நெல் இல்ல மேடம், சாப்பாட்டு அரிசி. வருஷா வருஷம் தை மாசம் வலங்கைமான் பக்கத்துலேர்ந்து யாரோ அனுப்புறாங்க. அப்பா அங்கதானே டாக்டரா இருந்தார். பழைய பேஷன்ட் யாராவது இருக்கும்" என்றார் அருள்பிரகாஷ். பிறகு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "கம்ப்ளெய்ன்ட் எழுதியே வெச்சிருக்கேன். அஞ்சு மணி."

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காதவன் டெல்டாக்காரனே இல்லை. நாங்கள் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி வந்து, யோசித்து, பின்னாலேயே போனது. ஏசி இல்லாத காரில் நான் முக்கால்வாசி வெந்துவிட்டேன்.

சவரிராஜின் ஷெட் கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்து. அறுவடை நேரம். இந்த மாதிரி ஷெட் வாசலில் டிராக்டரும் அறுவடை மிஷினும் வரிசை கட்டி நிற்க வேண்டும். ஒரு சைக்கிள்கூட இல்லை. கதை ஊர் பூராவும் பரவி ஒரு வாரம் ஆகியிருந்தது. எழுபது வயது சவரிராஜ், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானர்களை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷம் நம்பிக்கையாகத் தொழில் செய்தவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வழக்கமாக வருகிற ஜோக் எதுவும் வரவில்லை.

"டார்ன்லி இன்ஜினைக் கழட்டினீங்களா?" என்றார் மேடம்.

"கழட்டினேன்."

"நம்பரை அடிச்சது?"

"நான்தான். தகடு இல்லாம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. கொடுக்க மாட்டாங்க."

"தகடு எங்கே?"

"தெரியாது."

"இன்ஜினை எதுக்குக் கழட்டினீங்க?"

அவர் துடைத்த ஸ்பானரையே துடைத்தார்.

"வாயைத் திறங்கப்பா" என்றாள் ஃபிளோரா. "நான் ஸ்கூல்ல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"என்ன வேணா எழுதிக்கட்டும்மா. நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்றார் சவரிராஜ்.

மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனார். நானும் போனேன். சமையல்கட்டு வாசலில் ஒரு அரிசி மூட்டை. பச்சை நைலான் தையல், மூன்று சிவப்புப் பொட்டு.

"உங்களுக்கு நிலம் இருக்கா ஃபிளோரா?"

"ஒரு குழி கிடையாது மேடம். இது வலங்கைமானுக்கு அந்தாண்ட கீழப்படுகையில இளையபெருமாள்னு ஒருத்தர் பஸ்ல போட்டு அனுப்புறது. நான் காலேஜ் படிச்ச நாள்லேர்ந்து வருது. எதுக்குன்னு கேட்டா அப்பா பேச்சை மாத்திடுவார்."

மேடம் சொம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர் வைத்தியம் பார்த்தார், அரிசி வந்தது. சரி. மெக்கானிக் அதே ஆளுக்கு என்ன வைத்தியம் பார்த்தார்?"

"காரை எடுக்கட்டுமா மேடம்?"

"எடு."

கீழப்படுகை வாய்க்காலின் கடைசி ஊர். ரோடு முடிகிற இடத்தில் வயல், வயலை ஒட்டி இளையபெருமாளின் மாடி வீடு. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் மேடம், "டாக்டரோட கார் இன்ஜின் விஷயமா வந்திருக்கோம்" என்றதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கு வயல்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, வயல் இருந்த திசைக்கு நேர் எதிராக நடந்து போனார்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி ராமாயி, காலால் தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அவுரு சொல்ல மாட்டாரும்மா. சத்தியம் பண்ணியிருக்காரு. டாக்டரு, சவரிராஜ் மேஸ்திரி, இவரு, மூணு பேரும் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக்கிட்டாங்க."

"நீங்களும் பண்ணீங்களா?" என்றார் மேடம்.

"எங்கிட்ட யாரு கேட்டா? பக்கத்துலதான் டீத் தூக்கோட நின்னுக்கிட்டிருந்தேன். ஆம்பளைங்க மூணு பேருக்கும் நான் கண்ணுலயே படல. இருபது வருஷமா வந்து யாரும் கேக்கவும் இல்ல, நானும் சொல்லல. இப்ப நீங்க கேக்கறீங்க."

மேடம் சவரிராஜின் நிலைமையைச் சொன்னார். ராமாயியின் சிரிப்பு நின்றுபோனது. "மேஸ்திரியவா திருடன்னாங்க?" என்று கேட்டுவிட்டுக் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் மழையும் பொய்யி, மேட்டூர்லயும் தண்ணி இல்ல. முறை வெச்சு வுட்டாங்க. எங்க கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள வாய்க்கா காஞ்சு போவும். அதுக்கு முந்தி நாங்க பதினெட்டுக் குடும்பமும் கூலிக்கு நட்டவங்க. அந்த வருசந்தான் முதல் தடவையா சொந்தத்துல குத்தகைக்கு எடுத்து நட்டோம். சம்பா தொண்டைக் கதிரா, கதிரு வெளிய வரப்போற நேரத்துல நிக்குது. அந்த நேரம் தண்ணி இல்லன்னா அத்தனையும் பதரு. வாய்க்கால்ல மடுவு மடுவா கொஞ்சம் தண்ணி கெடக்கு, ஆனா எறைக்கக் கூடாது. இன்ஜின் வெச்சா பறிமுதல்னு நோட்டீஸ். சுத்துப்பட்டுல இருந்த ஆயில் இன்ஜின் அம்புட்டையும் லிஸ்ட் எடுத்து, பூட்டுப் போட்டுட்டாங்க. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது யாருங்கறீங்க? பாசன சங்கத் தலைவரு. நம்ம டாக்டரய்யா."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"எம்மவளுக்குக் காய்ச்சல்னு பாக்க வந்தவரு, திரும்பிப் போறப்ப வரப்புல நின்னு பயிரப் பாத்தாரு. ரொம்ப நேரம் நின்னாரு. ரெண்டு நாள் கழிச்சு மேஸ்திரி மாட்டு வண்டியில வைக்கோலுக்கு அடியில எதையோ வெச்சு ஓட்டிட்டு வந்தாரு. ஊர்ல லிஸ்ட்டுல இல்லாத இன்ஜின் அது ஒண்ணுதாம்மா. கார்ல இருந்ததால யாரு கணக்குலயும் வரல."

"ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் ஊரையே கூட்டுமே" என்றேன்.

"மார்கழி மாசந்தான? விடிகாலையிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் கோயில்ல ஸ்பீக்கர் பாடும். அது பாடுற வரைக்கும் இது ஓடும். பெருமாள் புண்ணியத்துல எட்டு நாளு எறைச்சோம். பதினெட்டு வீட்டுக்கும் நெல்லு வந்துச்சு. அந்த அறுப்புலதான் இந்த நெலம் எங்களோடதுங்கற தைரியமே வந்துச்சு."

"தகடு?" என்றார் மேடம்.

"புடிபட்டா நம்பர வெச்சு டாக்டரு பேரு வெளிய வந்துடும்னு மேஸ்திரி நெம்பி எடுத்துட்டாரு. டாக்டரு அத எங்கையில குடுத்து, 'ஆத்துல போட்ரு ராமாயி'ன்னாரு. ஆத்துல தண்ணி எங்க இருக்கு? மணல்ல போட்டா எவனாச்சும் எடுத்துட்டுப் போவான். பயிரு பொழைச்சா காணிக்கை போடறேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டு வேற இருந்தேன். வெள்ளியில கதிரு செஞ்சு போட காசு ஏது? அதான், பயிர எது காப்பாத்துச்சோ அதையே மாதாவுக்குப் போட்டுட்டேன்."

நான் தரங்கம்பாடி லுத்தரன். எங்கள் கோவிலில் பாட்டும் பிரசங்கமும் உண்டு, காணிக்கைப் பெட்டியில் கண்ணும் காலும் கிடையாது. ராமாயியையும் ஏற்றிக்கொண்டு போய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாதா கோவிலின் பக்கவாட்டு அறையில் காணிக்கைகளை வைத்திருந்த கண்ணாடி அலமாரியில் மூக்கு முட்ட நின்றேன். கண் குணமானவர்கள் கொடுத்த வெள்ளிக் கண்கள். கால் சரியானவர்களின் குட்டிக் கால்கள். தொட்டில், வீடு, கப்பல். எல்லாவற்றுக்கும் நடுவில் பழுப்பேறிய ஒரு பித்தளைத் தகடு. டார்ன்லி என்று ஆங்கிலத்தில் அச்சு, கீழே 4418. ஒரு மூலை பிய்ந்திருந்தது.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அலமாரியைத் திறந்து தகட்டைக் கையில் கொடுத்தார். "குழந்தை பொறந்த பஸ் நம்பரோன்னு நினைச்சிருந்தேன்" என்றார். மேடம் பென்சில் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். பிய்ந்த ஓரமும் தாளில் இருந்த துணுக்கின் ஓரமும் இழை பிசகாமல் பொருந்தின.

மணி மூன்றேகால். மேடம் போனை எடுத்தார்.

அருள்பிரகாஷ் நாலரைக்கு வந்து சேர்ந்தார். தகட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ராமாயி சொன்னதை முழுசாகக் கேட்டார். அவர் முகத்தில் காலையில் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதில் வந்ததைப் பார்க்க எனக்குக் கோபமே பரவாயில்லை என்று இருந்தது.

"இன்ஜின் ஒரிஜினல்தான்" என்றார் மேடம். "கம்பெனியில மாட்டினது. நடுவுல ஒரு எட்டு நாள் வெளியே வேலைக்குப் போயிட்டு வந்திருக்கு. சென்னைக்காரர் சந்தோஷமா வாங்கிக்குவார்."

"தகட்டைக் கேட்பார்" என்றார் அருள்பிரகாஷ்.

"கேக்கட்டும்" என்றார் ராமாயி. "மாதாவுக்குப் போட்டத நான் திருப்பிக் கேக்க மாட்டேன். வேணும்னா நீங்க கேட்டுப் பாருங்க தம்பி."

அவர் கேட்கவில்லை. தகட்டைத் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டு, "மாமாகிட்ட போகணும்" என்றார்.

நீடாமங்கலத்தில் கேட் திறந்திருந்தது. அன்றைக்கு நடந்த அதிசயங்களில் அதையும் சேர்த்துக்கொண்டேன். மணி ஐந்தரை. ஷெட் வாசலில் அருள்பிரகாஷைப் பார்த்ததும் சவரிராஜ் எழுந்து நின்றார். போலீஸ் பின்னால் வருகிறதா என்று ஃபிளோரா எட்டிப் பார்த்தாள்.

"ராமாயி அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க, மாமா" என்றார் அருள்பிரகாஷ்.

சவரிராஜ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அது என்னத்தையாவது உளறும் தம்பி, நம்பாதீங்க. டாக்டரய்யாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குத் தெரியாம நான்தான் இன்ஜினைக் கழட்டிட்டுப் போய் வாடகைக்கு ஓட்டினேன். எழுதிக்கங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஃபிளோரா, பேனா எடுத்துட்டு வாம்மா."

ஃபிளோரா அசையவில்லை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு பேர் நடுவில் ஒரு மனுஷன், செத்துப்போன இன்னொரு மனுஷனின் பெயருக்காகத் தன் பெயரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் பேனா கேட்டு.

"தகட்டைப் பார்த்துட்டேன் மாமா."

சவரிராஜ் திரும்பவும் துணியை எடுத்தார். "நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டவர் தம்பி. தலைவர். வெளியே தெரிஞ்சா ஊரே சிரிச்சிருக்கும். உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னார். எம்மவன் என்னை நேர்மையானவன்னு நினைச்சுக்கிட்டிருக்கான், அப்படியே இருக்கட்டும்னார்."

அருள்பிரகாஷ் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "நம்பிக்கைத் துரோகம்னு எழுதியிருக்கேன் மாமா. உங்களைப் பத்தி. என் கையாலயே." அதை நாலாகக் கிழித்தார், எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அவர் நோட்டீஸ் போட்டதும் நிஜம், இன்ஜின் கொடுத்ததும் நிஜம். எனக்கு ரெண்டு அப்பாவும் வேணும். அவர் போய் நாலு வருஷமா அவரைப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆள் இல்ல. இருந்த ஒரு ஆளையும் ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன்."

அருள்பிரகாஷ் கவிழ்த்துப் போட்டிருந்த டயரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாமா. முதல் நாள் ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சா?"

சவரிராஜ் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். இருபது வருஷமாக அடைத்து வைத்திருந்ததை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்கே ஆச்சு" என்றார் கடைசியில். "ஒரு மணி நேரம் மக்கர் பண்ணுச்சு. கோயில்ல பாட்டு முடியப் போகுது. உங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நான் பார்க்கிறேன் சவரின்னு வாய்க்கால்ல இறங்கினார். இறங்கின வேகத்துல வழுக்கி, கண்ணாடியோட சேத்துல உட்கார்ந்துட்டார் தம்பி. நான் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அது பாட்டுக்கு ஸ்டார்ட் ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். அருள்பிரகாஷ் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.